சந்தோஷம், மனச்சோர்வு, மனிதத் துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஒருமுறை மனச்சோர்வு வந்து பல மாதங்கள் படுத்தியது. அதிலிருந்து வெளியே வந்த பிறகுதான் இது என்ன, ஏன் வருகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன், இன்னும் நிறுத்தவில்லை. தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உளவியல் சந்தோஷம் என்று எதைச் சொல்கிறது? அதை அளக்க முடியுமா?

அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இந்த நேரத்தில் மனம் எப்படி இருக்கிறது என்பது ஒன்று: சிரிப்பு, எரிச்சல், பயம், உற்சாகம் என்று நாள் முழுக்க ஏறி இறங்குவது. மொத்தமாகத் திரும்பிப் பார்க்கும்போது 'என் வாழ்க்கை பரவாயில்லை' என்று சொல்லத் தோன்றுகிறதா என்பது இன்னொன்று. தமிழில் நாம் இதை ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறோம். 'சந்தோஷமாத்தான் இருக்கேன், ஆனா நிம்மதி இல்லை' என்று ஒருவர் சொன்னால் நமக்கு உடனே புரிந்துவிடுகிறதே!

எட் டீனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் இதை மூன்றாகப் பிரித்தார். இனிய உணர்வுகள் எவ்வளவு வருகின்றன, கசப்பான உணர்வுகள் எவ்வளவு வருகின்றன, வாழ்க்கை மீது திருப்தி எவ்வளவு இருக்கிறது. அடுத்த வருடம் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட திருப்தி அளவுகோலில் ஐந்தே ஐந்து வாக்கியங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். இவ்வளவு எளிமையான ஒன்று வேலை செய்யுமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதும் அவருக்கு நெருக்கமானவர்கள் அவரைப் பற்றிச் சொல்வதும் ஓரளவு ஒத்துப்போகின்றன, சில வாரம் கழித்துக் கேட்டாலும் பதில் பெரிதாக மாறுவதில்லை. தெர்மாமீட்டர் அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனால் வெறும் ஊகமும் இல்லை.

கவனிக்க வேண்டியது, இனிய உணர்வும் கசப்பான உணர்வும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் இல்லை. கசப்பு குறைந்துவிட்டால் இனிமை தானாக வந்துவிடாது. மனச்சோர்வைப் புரிந்துகொள்ள இது பின்னால் உதவும்.

பணம் வந்தால் சந்தோஷம் வருமா?

வரும், ஓரளவுக்கு. 'பணத்தால் சந்தோஷத்தை வாங்க முடியாது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பணக் கஷ்டத்தை மறந்துவிட்டவர்கள் என்பது என் எண்ணம்.

டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் அமெரிக்கத் தரவை வைத்து ஒரு முடிவு சொன்னார்கள். வருமானம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி கூடுகிறது, ஆனால் அன்றாட மனநிலை ஆண்டுக்குச் சுமார் 75,000 டாலரோடு நின்றுவிடுகிறது என்று. அந்த எண் உலகம் முழுக்கப் பரவியது. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் செல்போன் செயலி மூலம் ஆட்களை அந்தந்த நேரத்திலேயே கேட்டுப் பார்த்து, அப்படி எங்கேயும் நிற்கவில்லை என்றார். பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: எதிரெதிர் முடிவு சொன்ன கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும் பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து தரவைப் பிரித்துப் பார்த்தார்கள். 2023-இல் வந்த விடை என்னவென்றால், பெரும்பாலானோருக்கு வருமானத்தோடு மனநிலையும் ஏறிக்கொண்டேதான் போகிறது. மிகவும் துயரத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை. பிரிவு, துக்கம், மனச்சோர்வு போன்றவை அங்கே தடையாக இருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இங்கே கணக்கு ரூபாய்க்கு ரூபாய் இல்லை, மடங்கு கணக்கு. குறைந்த சம்பளக்காரருக்குச் சம்பளம் இரட்டிப்பானால் கிடைக்கும் அதே அளவு மாற்றம் பெரிய சம்பளக்காரருக்கும் வேண்டுமென்றால் அவருடையதும் இரட்டிப்பாக வேண்டும்.

ஆசைப்பட்டது கிடைத்தும் கொஞ்ச நாளில் பழகிப்போகிறதே, ஏன்?

மனம் மாற்றத்தைத்தான் கவனிக்கிறது, இருப்பதைக் கவனிப்பதில்லை. வெயிலிலிருந்து உள்ளே வந்தால் முதல் ஐந்து நிமிடம்தான் குளுமை தெரியும், அப்புறம் அது வெறும் அறை.

இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது பிரிக்மன் குழு 1978-இல் செய்த ஆய்வு. லாட்டரியில் பெரும் பணம் விழுந்த 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், சாதாரணமாக வாழும் 22 பேர். லாட்டரிக்காரர்கள் சாதாரண ஆட்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சந்தோஷமாக இல்லை, சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைந்தே இருந்தது. இதுவரை சரி. ஆனால் 'விபத்தில் முடங்கியவர்களும் மற்றவர்கள் அளவுக்கே சந்தோஷமாக இருந்தார்கள்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது தவறு. அவர்கள் மதிப்பெண் தெளிவாகக் குறைவு: 5-க்கு 2.96, சாதாரண ஆட்களுக்கு 3.82. நினைத்த அளவுக்கு அடியோடு விழவில்லை என்பதுதான் செய்தி.

எல்லாவற்றுக்கும் மனம் பழகிவிடுகிறது என்பதும் உண்மை இல்லை. ஜெர்மனியில் ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவில், துணையை இழந்தவர்கள் பழைய நிலைக்கு அருகே வரச் சராசரியாகப் பல வருடங்கள் ஆகின்றன. வேலை போனவர்களில் பலர், மறுபடி வேலை கிடைத்த பிறகும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே கஷ்டத்தில் இருப்பவரிடம் 'எல்லாம் பழகிடும்' என்று சொல்லாதீர்கள்.

சந்தோஷமாக இருந்தே தீருவேன் என்று முயற்சி செய்தால்?

அதுவே எதிராகத் திரும்பலாம். ஐரிஸ் மாஸ் குழு 2011-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சிலருக்கு 'சந்தோஷம் எவ்வளவு முக்கியம்' என்று வலியுறுத்தும் கட்டுரையைப் படிக்கக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியான படக்காட்சியைக் காட்டினார்கள். படிக்காதவர்களைவிட அவர்களுக்குக் குறைவாகத்தான் சந்தோஷம் வந்தது. 'இப்போது எனக்கு நன்றாக இருக்க வேண்டுமே, இருக்கிறதா?' என்று உள்ளே ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் காட்சியை யார் ரசிப்பது? சந்தோஷத்தையே குறி வைக்காமல், அது தங்கக்கூடிய விஷயங்களில் (ஆட்கள், கையில் இருக்கும் வேலை, தூக்கம், உடல் அசைவு) நேரத்தைப் போடுவது நல்லது.

வெறும் சோகத்துக்கும் மனச்சோர்வுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செய்திகளில் 'மன அழுத்தம்' என்று டிப்ரெஷனுக்கும் போடுகிறார்கள், ஸ்ட்ரெஸ்ஸுக்கும் போடுகிறார்கள். இரண்டும் வேறு. அழுத்தம் என்பது வெளியிலிருந்து சுமை ஏறும்போது வருவது, சுமை இறங்கினால் குறையும். மனச்சோர்வு, சுமை இறங்கிய பிறகும் போகாமல் உட்கார்ந்திருக்கக் கூடியது.

மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள் ஒன்பது: தொடர்ந்த சோகம் அல்லது வெறுமை, எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமை, பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கம் வராமை அல்லது அளவுக்கு மீறிய தூக்கம், உடல் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது, களைப்பு, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் அல்லது குற்றவுணர்வு, கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும், அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். தைராய்டு குறைபாடு போன்ற உடல் காரணங்கள் இல்லை என்றும் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த 'முதல் இரண்டில் ஒன்று' என்ற விதியைக் கவனியுங்கள். சோகமே இல்லாமலும் மனச்சோர்வு வரலாம்! எனக்கு அப்படித்தான் வந்தது. நான் அழவே இல்லை. பிடித்த பாட்டு வெறும் சத்தமாகக் கேட்டது, போன் அடித்தால் எடுக்கத் தோன்றவில்லை, குளிப்பது பெரிய மலையாகத் தெரிந்தது. 'எனக்குச் சோகமாக எதுவும் இல்லையே, நான் சோம்பேறி ஆகிவிட்டேன்' என்றே பல வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இனிய உணர்வும் கசப்பான உணர்வும் தனித்தனி என்று மேலே சொன்னேனே, இங்கே இனிய பக்கம் மட்டும் அணைந்துபோயிருக்கிறது.

சோகத்தில் இருப்பவரை நல்ல செய்தி ஒன்று கொஞ்சம் தொடும். ஆழ்ந்த மனச்சோர்வில் அதுவும் தொடாது. துக்கத்தில் அலை அலையாக வலி வரும், நடுவில் சிரிப்பும் வரும், நினைப்பெல்லாம் போனவரைப் பற்றி இருக்கும். மனச்சோர்வில் நினைப்பு சுற்றிச் சுற்றித் தன்னையே குற்றம் சொல்வதில் வந்து நிற்கும்.

மூளையில் செரட்டோனின் (நரம்புகள் செய்தி பரிமாறும் ஒரு ரசாயனம்) குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறதா?

அவ்வளவு எளிதான கணக்கு இல்லை. ஜோவன்னா மோன்க்ரீஃப் குழு 2022-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. சரி, அப்படியானால் செரட்டோனினைக் குறிவைத்துக் கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரை ஏமாற்றா? இல்லை. தலைவலி மாத்திரையால் தலைவலி போகிறது என்பதற்காக அந்த மருந்து உடம்பில் குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று அர்த்தம் இல்லையே. காரணம் வேறு, மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு.

காரணங்கள் பல சேர்ந்துதான் வருகின்றன. இரட்டையர் ஆய்வுகளின்படி, ஆட்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் சுமார் 37 சதவீதத்தை மரபணுவோடு தொடர்புபடுத்தலாம். மீதிப் பெரும்பங்கு வாழ்ந்த வாழ்க்கை: இழப்பு, சிறுவயதுக் கொடுமை, வறுமை, நாள்பட்ட நோய், பிரசவத்துக்குப் பிந்தைய காலம்.

ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் 1970-களில் தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் செய்த ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெரிய இழப்போ நெருக்கடியோ வந்த எல்லாருக்கும் மனச்சோர்வு வரவில்லை. மனம்விட்டுப் பேச நெருக்கமான ஓர் ஆள் இல்லாதவர்களுக்கு அபாயம் மிக அதிகம். இதை எழுதியது மூளை ஸ்கேன் எல்லாம் பரவலாவதற்கு முன்பு, ஆனால் இன்றைக்கும் நிற்கிறது.

மனச்சோர்வில் இருப்பவர் ஏன் எல்லாரையும் விட்டு ஒதுங்குகிறார்?

தவறாக முன்கணிப்பதால். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் கவனித்தது: மனச்சோர்வில் எண்ணங்கள் மூன்று திசைகளில் கறுக்கின்றன. நான் மோசம், உலகம் மோசம், இனி வருவதும் மோசம். இந்த மூன்றாவதுதான் ஆளைக் கட்டிப்போடுகிறது. 'போனாலும் பிடிக்காது', 'பேசினாலும் அவர்களுக்குத் தொல்லைதான்' என்று மனம் குறி சொல்கிறது. அதை நம்பி நாம் போகாமல் இருக்கிறோம். போகாததால் அந்தக் குறி பொய் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வருவதில்லை. ஆட்களும் மெல்ல அழைப்பதை நிறுத்துகிறார்கள், 'பார்த்தாயா, யாருக்கும் நான் வேண்டாம்' என்று மனம் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறது.

இந்தத் தவறான கணிப்பு மனச்சோர்வில் மட்டும் இல்லை, நலமாக இருப்பவர்களிடமும் சின்ன அளவில் இருக்கிறது. நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போல் போகச் சொன்னார்கள். கேட்டுப் பார்த்தபோது பயணிகள் கணித்தது, தெரியாதவரோடு பேசுவதுதான் மூன்றிலும் மோசமான பயணமாக இருக்கும் என்று. நடந்ததோ நேரெதிர், பேசியவர்களுக்குத்தான் பயணம் மிக இனிமையாக இருந்தது. 2018-இல் எரிகா பூத்பி குழு இன்னொன்றைக் காட்டியது: இருவர் புதிதாகப் பேசிப் பிரிந்த பிறகு, மற்றவருக்குத் தன்னைப் பிடித்ததா என்று கேட்டால் இருவருமே உண்மையைவிடக் குறைத்துத்தான் சொல்கிறார்கள்.

நலமாக இருப்பவருக்கே கணிப்பு இவ்வளவு தப்புகிறது என்றால், மனச்சோர்வில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய சுவராக நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'மனசைத் திடமா வெச்சுக்கோ' என்று அவரிடம் சொல்வதில் பயன் இல்லாததற்குக் காரணமும் இதுதான். திடம் இல்லாமல் அவர் படுத்திருக்கவில்லை. எழுந்தால் என்ன ஆகும் என்று அவர் மனம் சொல்வது அவருக்கு நிஜமாகத் தெரிகிறது, வெளியில் மழை பெய்வது தெரிவதுபோல.

எதிலும் மனசு இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மனசு வரட்டும் என்று காத்திருக்காமல் ஆரம்பிப்பது. இது கேட்கக் கடுமையாகத் தோன்றும், ஆனால் இதற்குப் பின்னால் நல்ல ஆதாரம் இருக்கிறது.

வழக்கமாக நாம் நினைப்பது, ஊக்கம் முதலில் வரும், செயல் பின்னால் வரும் என்று. மனச்சோர்வில் இந்த வரிசை உடைந்துபோகிறது. எனவே செயலை முதலில் வைத்துப் பார்க்கும் சிகிச்சை முறை ஒன்று உண்டு, 'நடத்தையைத் தூண்டுதல்' என்று சொல்லலாம். 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு, எண்ணங்களையும் சேர்த்துத் திருத்தும் முழுமையான சிகிச்சையையும் இந்தப் பகுதியை மட்டும் தனியாகக் கொடுப்பதையும் ஒப்பிட்டது. இது மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடாக இருந்தது. 2016-இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் செய்த ஆய்வில், நீண்ட பயிற்சி பெறாத இளநிலை ஊழியர்கள் கொடுத்தும் இது வல்லுநர்கள் கொடுத்த சிகிச்சைக்குக் குறையவில்லை.

செய்முறை சாதாரணமானது. ஒரு வாரம், என்ன செய்தீர்கள், அப்போது மனநிலை 10-க்கு எவ்வளவு என்று மணிக்கு மணி குறித்துக்கொள்ள வேண்டும். எல்லா நேரமும் ஒரேபோல இருட்டு என்று தோன்றியிருக்கும், தாளில் பார்த்தால் ஓரிடத்தில் 2, ஓரிடத்தில் 4 என்று இருக்கும். அந்த 4 எங்கே வந்தது என்று பார்த்து, அந்த மாதிரிச் செயலை மறுவாரம் நாள் நேரம் போட்டு வைத்துக்கொண்டு, மனநிலை எப்படி இருந்தாலும் செய்ய வேண்டும். அளவு மிகச் சிறியதாக இருக்கட்டும். 'தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்' என்றால் முதல் நாளே முடியாமல் போய் இன்னொரு தோல்வியாகிவிடும், 'செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போவேன்' என்றால் முடியும். செய்வதற்கு முன் 'இது எனக்கு எத்தனை மார்க் தரும்' என்று எழுதிவிட்டு, செய்த பிறகு வந்ததையும் எழுதிப் பாருங்கள். என் பழைய நோட்டில் 'முன்பு 1, பின்பு 3' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த இரண்டு மார்க் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தேன். சில நாள் வித்தியாசமே வராது, அதையும் அப்படியே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

நிலைமை கடுமையாக இருந்தால், அதாவது சாப்பிடவோ படுக்கையை விட்டு எழவோ முடியாத நிலை என்றால், இதைத் தனியாக முயற்சி செய்யாதீர்கள்.

மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா?

லேசானதற்குப் பேச்சுச் சிகிச்சையிலிருந்து தொடங்கலாம், கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது. ஆந்த்ரேயா சிப்ரியானி குழு 2018-இல் 21 மருந்துகளை 522 பரிசோதனைகளின் தரவோடு அலசியது. 21-உம் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேல், ஆனால் சராசரிப் பலன் மிதமானது. ஒருவருக்கு ஒத்துவந்தது இன்னொருவருக்கு ஒத்துவராமல் போகலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பக்க விளைவோ அதற்கு முன்பே வந்துவிடும், அதனால்தான் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

என்னைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், ஆனாலும் தனிமையாக இருக்கிறதே?

தனியாக இருப்பது வேறு, தனிமை உணர்வு வேறு. முதலாவது எண்ணிக்கை, இரண்டாவது இடைவெளி: வேண்டும் என்று மனம் ஏங்கும் நெருக்கத்துக்கும் கையில் இருக்கும் நெருக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. ராபர்ட் வைஸ் 1973-இலேயே இதில் இரண்டு வகை சொன்னார். உள்ளத்தைக் கொட்ட ஓர் ஆள் இல்லாத தனிமை ஒன்று, சேர்ந்து இருக்க ஒரு கூட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றின் பசியை மற்றொன்று தீர்க்காது. நல்ல துணை இருந்தும் புது ஊருக்குப் போனால் நண்பர் கூட்டம் இல்லாமல் வாடுகிறோம், இருபது பேரோடு தினமும் சிரித்துப் பேசுகிறவர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் உடைந்துபோகிறார்.

ஜான் கசியோப்போ இந்த உணர்வைப் பசி, தாகம்போல ஓர் எச்சரிக்கை மணி என்று விளக்கினார். பசி சாப்பாட்டைத் தேடச் சொல்வதுபோல இது ஆட்களைத் தேடச் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், இது நீண்ட நாள் தீராமல் இருந்தால் மனம் தற்காப்புக்கு மாறிவிடுகிறது. யாராவது முகம் திருப்புகிறார்களா, குரலில் வெறுப்பு இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்க்கத் தொடங்குகிறது, தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். தனிமையைக் குறைக்கும் முயற்சிகளை 2011-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்களைக் கூட்டிச் சேர்த்து வைத்ததைவிட, இந்தச் சந்தேகக் கணிப்புகளைத் திருத்த உதவியதுதான் அதிகப் பலன் தந்தது.

உறவுகள் உடம்பையும் பாதிக்குமா?

பாதிக்கும். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழு 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைத் தொகுத்தது. வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலம் முடியும்போது உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம். ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி இன்னும் நடக்கும் நீண்ட ஆய்வும், 50 வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்கள் 80 வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று காட்டுகிறது. இவற்றில் யாரையும் சோதனையாகத் தனிமையில் வைக்கவில்லை, எனவே எது எதற்குக் காரணம் என்று முழுதாகப் பிரிக்க முடியாது. நோயே ஆட்களைத் தனிமைப்படுத்தவும் செய்கிறது. இரண்டு பக்கமும் நடக்கிறது.

இந்த வயதில் புதிதாக நட்பு எப்படி உண்டாகும்?

நேரத்தால். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டபடி, அறிமுகம் சாதாரண நட்பாகச் சுமார் 50 மணி நேரம், நட்பாகச் சுமார் 90, நெருங்கிய நட்பாக 200-க்கும் மேல். பள்ளியில் இது தானாகக் கிடைத்தது, ஒரே அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். வளர்ந்த பிறகு அதை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதே ஆட்கள் வாராவாரம் வரும் ஏதாவது ஒன்றில் சேர்வது, ஒரு தடவை நடக்கும் பெரிய விழாக்களைவிட எவ்வளவோ மேல். முதல் மூன்று தடவையில் ஒட்டவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் மூன்று மணி நேரத்தில் நட்பை எதிர்பார்க்கிறார்கள்.

பழைய நட்பைத் தட்டி எழுப்புவது இன்னும் சுலபம். ரொம்ப நாள் தொடர்பு விட்டுப்போனவருக்குச் செய்தி அனுப்பினால் அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதையும் நாம் குறைத்தே கணிக்கிறோம் என்று 2022-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. முடிந்தால் எழுதாமல் பேசுங்கள், குரலில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று நினைப்பதும் பெரும்பாலும் தப்பான கணிப்புதான்.

சமூக ஊடகம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

இல்லை என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் ஃபேஸ்புக்கை நான்கு வாரம் நிறுத்தி வைத்தவர்களுக்கு மனநிலை கொஞ்சம் மேம்பட்டது, கொஞ்சம்தான். தூக்கத்தைத் தின்கிறதா, நேரில் பார்க்கும் நேரத்தைத் தின்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மனம்விட்டுப் பேசினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. சூசன் நோலன்-ஹோக்சிமா, 'ஏன் எனக்கு மட்டும் இப்படி' என்று அதையே அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று பல ஆய்வுகளில் காட்டினார். இரண்டு பேர் சேர்ந்தும் அசைபோடலாம். அமாண்டா ரோஸ் சிறுவர் சிறுமியரிடம் பார்த்தபோது, அப்படிப் பேசுவதால் நட்பு இறுகியது, கூடவே சோர்வும் அதிகமாக இருந்தது. பேச்சு 'ஏன்' என்பதிலேயே சுற்றினால் நிறுத்திவிட்டு 'அடுத்து என்ன' என்ற பக்கம் திருப்புங்கள், அல்லது இருவரும் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

எனக்கு நெருங்கியவர் மனச்சோர்வில் இருக்கிறார். நான் என்ன செய்யலாம்?

அறிவுரையைக் குறைத்து வருகையைக் கூட்டுங்கள். 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்பது அன்பான சொல்தான், ஆனால் கேட்பதற்கே அவரிடம் தெம்பு இல்லை. 'நாளைக்கு ஐந்து மணிக்கு வரேன், சும்மா உட்கார்ந்திருப்போம், பேசணும்னு இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். மூன்று தடவை வர மறுத்தாலும் நான்காவது தடவை அழையுங்கள். டாக்டரிடம் நேரம் வாங்குவது, கூடவே போவது, இவை பெரிய உதவி.

உயிரை விடுவது பற்றி யோசிக்கிறாரோ என்று தோன்றினால் நேரடியாகக் கேளுங்கள்: 'சாகணும்னு தோணுதா?' கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அப்படி நடப்பதில்லை, பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துங்கள், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர மருத்துவ உதவியையோ உடனே அழையுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படித் தோன்றுகிறது என்றால், தயவுசெய்து இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். அவருக்குத் தொல்லையாக இருக்கும் என்று மனம் சொல்லும், அதை நம்ப வேண்டாம்.

கவனித்துக்கொள்பவரும் களைத்துப்போவார். மனச்சோர்வில் இருப்பவர் 'என்னை உனக்குப் பிடிக்குமா' என்று திரும்பத் திரும்ப உறுதி கேட்பதும், கேட்கப்படுபவர் சலித்து விலகுவதும் ஆய்வுகளில் நன்கு பதிவான சுழல். சலிப்பு வருவது உங்கள் அன்பு குறைந்ததற்கு அடையாளம் இல்லை. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு முறைபோட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குணமான பிறகு திரும்ப வருமா?

வரலாம். முதல் தடவை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இன்னொரு தடவை வருகிறது. பலமுறை வந்தவர்களுக்கு மறுபடி வருவதைக் குறைக்கத் தியானத்தையும் எண்ணத் திருத்தத்தையும் கலந்து, ஜான் டீஸ்டேல், ஜிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ் ஆகியோர் எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள், பலன் இருக்கிறது. மருந்தையும் நலமானதும் நிறுத்தாமல் சில மாதங்கள் தொடரச் சொல்வது இதற்காகத்தான்.

இதோடு நான் செய்து வைத்திருப்பது ஒரு தாள். எனக்கு அது எப்படி ஆரம்பிக்கும் என்பது இப்போது தெரியும்: போனை எடுக்காமல் விடுவேன், பாத்திரம் சேரும், தூக்கம் நடுராத்திரியில் கலையும். மூன்றையும் எழுதி ஒரு நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். நான் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை என்றால், காரணம் எதுவும் கேட்காமல் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறார்.